பள்ளிக்கூடத்தில் குடியிருக்கும் புண்ணிய புருஷர்கள்

சென்ற விளையாட்டு விழாவன்று மாலை, நாம் உபாத்திமைத் தொழில் பார்க்கும் பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரத்திலே, ஒரு வேப்பமரத்தடியில், சிறுவன் ஒருவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அருகில் சென்று விசாரித்தோம்.

"ஏன் தம்பி அழுகிறாய்? அடிபட்டு விட்டதா?"

"இல்லை, ஸார்! எங்கள் ஹவுஸ் தோற்றுப் போய்விட்டது."

"உன் ஹவுஸ் எது?"

"பச்சை, ஸார்!"

"நிறம் இருக்கட்டும். பெயர் என்ன?"

பெயரைச் சொன்னான். அது உலகம் போற்றும் ஒரு பெரியவரின் பெயர்.

"சரி, அவர் யார்? என்ன செய்தார்?"

பையன் அழுகையை நிறுத்தினான். தன் பச்சைச் சட்டையை ஒரு முறை பார்த்துக் கொண்டான். "பச்சைதான், ஸார், எனக்குத் தெரியும்" என்றான்.

நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே வெட்கமும் வந்தது. மூன்று வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுகிறான், குதிக்கிறான், அழவும் செய்கிறான். அப்பெயருக்கு உடையவர் யார் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நாமும் ஒருவர் அன்றோ?

அன்றிரவு நம் நினைவு நெடுந்தூரம் சென்றது. இங்கிலாந்தின் வட பகுதியில், யார்க்ஷயர் பிரதேசத்தில், ஆம்பிள்போர்த் என்றொரு கிராமம் உண்டு. அங்கே பெனடிக்டைன் சபைத் துறவிகள் ஸ்தாபித்த கத்தோலிக்கப் பாடசாலை ஒன்று 1802-ஆம் வருஷம் முதல் நடந்து வருகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தின் 'ஹவுஸ்'களுக்கு வாய்த்த பெயர்களின் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் புகுகிறோம்.

வீடு வந்த விதம்

'ஹவுஸ்' என்பதை நாம் இங்கே பந்தய தினத்துக்குக் கட்சி பிரிக்கும் ஏற்பாடாகவே அறிவோம். ஆனால் அது பிறந்த இடத்தில் மெய்யாகவே வீடுதான். இங்கிலாந்தின் பழைய பள்ளிக்கூடங்களில் வெளியூர்ப் பிள்ளைகள் ஊருக்குள் தனித்தனி வீடுகளில் தங்கிச் சாப்பிட்டு வந்தார்கள். பல வீடுகளை வயது முதிர்ந்த அம்மாள்மார் நடத்தினார்கள். பிறகு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களே அவ்வீடுகளை மேற்கொண்டனர். 1828 முதல் 1842 வரை ரக்பி பாடசாலையில் தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு காலத்தில், வீட்டு ஆசிரியர் என்பவர் வெறும் சாப்பாட்டுக் கணக்குப் பார்ப்பவராக இல்லாமல், பிள்ளைகளின் நடத்தைக்கும் பொறுப்பாளி ஆனார். மூத்த மாணவர்கள் இளையவர்களை மேற்பார்வை செய்யும் வழக்கமும் வேரூன்றியது.

இப்படிப் பிறந்த வீடுகள் அநேகமாக வீட்டு ஆசிரியரின் பெயரையே தாங்கி நின்றன. ஈட்டன் பாடசாலையில், இல்லத்தை அப்போதைய தலைவரின் பெயர் முதலெழுத்துக்களால் குறிப்பது இன்றும் வழக்கம். ஆசிரியர் மாறினால் பெயரும் மாறிவிடும்.

கத்தோலிக்கப் பாடசாலைகளோ வேறொரு வழியைக் கைக்கொண்டன. வீட்டுக்கு ஒரு அர்ச்சியசிஷ்டரைப் பாதுகாவலராக நியமித்து, அவர் பெயரையே சூட்டின. இல்லத்துக்குத் தலைவராக வருகிறவர் சில வருஷங்களில் போய்விடுவார். பாதுகாவலருக்கோ ஓய்வும் இல்லை, மாற்றல் உத்தரவும் இல்லை! ஊர்க் கோயிலில் குடிகொண்ட தெய்வத்தைப் போல் அவர் அங்கேயே இருக்கிறார்.

நாடு கடந்த பள்ளிக்கூடம்

ஆம்பிள்போர்த்தின் பெயர்களை உணர்வதற்கு முன்னால், அதன் பூர்வோத்தரத்தை அறிய வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மடாலயங்கள் எல்லாம் கலைக்கப்பட்டன. மேரி ராணியின் ஆட்சியில் வெஸ்ட்மின்ஸ்டர் மடம் சிறிது காலம் மறுபடி உயிர் பெற்றது. 1559-இல் எலிஸபெத் ராணியின் ஆட்சியில் அதுவும் மூடப்பட்டது. கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்குச் சொந்த நாட்டில் கல்வி கற்பிக்கத் தடை ஏற்பட்டது. 1700-இல் அமலுக்கு வந்த ஒரு சட்டம், பள்ளிக்கூடம் நடத்தும் கத்தோலிக்கருக்கு ஆயுள் சிறைவாசம் என்று விதித்தது. பள்ளிக்கூடம் வைத்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை! நம்மை ஆண்டபோது சட்டத்தின் மேன்மையை நமக்குப் போதித்த தேசத்தின் சரித்திரத்திலேதான் இதுவும் எழுதப்பட்டிருக்கிறது. 1778-இல் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. 1791-இல் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்குச் சட்டம் இடம் கொடுத்தது.

இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய கல்வி கடல் கடந்து வாழ்ந்தது. பிரான்ஸிலும் பிளாண்டர்ஸிலும் ஆங்கிலேயப் பாடசாலைகளும் மடங்களும் எழுந்தன. அவற்றில் ஒன்று லொரேன் பிரதேசத்துத் தியூலுவார் என்னும் ஊரில் 1608-இல் ஏற்பட்ட பெனடிக்டைன் மடம்.

அதற்கு முந்தின வருஷம் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகள் அனைவரும் காலமாகி, ஒரே ஒருவர் மிஞ்சியிருந்தார். சிகிபெர்ட் பக்லி என்று பெயர். சிறையிலும் காவலிலும் பல வருஷங்களைக் கழித்த கிழவர். அவருடைய மூச்சு நின்றால், பல நூற்றாண்டுப் பரம்பரை ஒன்று அத்துடன் அற்றுப் போகும். 1607-ஆம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி, ஆங்கிலேயத் துறவிகள் இருவரை அவர் தம் மடத்துப் பரம்பரையில் சேர்த்துக் கொண்டார். குரு பரம்பரையின் அருமை அறிந்த நம் நாட்டாருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. அணையப் போகும் அகலிலிருந்து மற்றோர் அகலுக்குச் சுடர் தாவியது, அவ்வளவுதான். அந்தச் சுடரையே தியூலுவார் மடம் காத்து வந்தது.

பிரெஞ்சுப் புரட்சி மூண்டபோது, 1793-இல் அந்த மடத்தையும் விட்டு ஓட வேண்டியதாயிற்று. அகதிகளாய்த் தாய்நாடு திரும்பிய துறவிகள் ஒன்பது வருஷ காலம் இடம் விட்டு இடம் மாறினார்கள். கடைசியில், ஆன் பேர்பாக்ஸ் சீமாட்டி தம் குருவான ஆன்ஸெல்ம் போல்டனுக்கென்று ஆம்பிள்போர்த்தில் கட்டியிருந்த வீட்டில் வந்து குடியேறினார்கள். அந்த ஒரு வீடுதான் பிற்காலத்தில் பெரிய மடமாகவும் பாடசாலையாகவும் வளர்ந்தது.

1924 முதல் 1954 வரை பால் நெவில் என்னும் துறவி அங்கே தலைமை ஆசிரியராக இருந்தார். மாணவர் தொகை பெருகிவந்த சமயம். முன்னூறு பிள்ளைகளை ஒரே தலைவர் பெயர் சொல்லி அழைத்து, முகவாட்டம் கண்டு விசாரிக்க முடியுமா? நெவில் 1926-இல் பாடசாலையைத் தனித்தனி இல்லங்களாகப் பிரித்தார். இல்லங்கள் பின்னர் பெருகின. எய்டன், ஆஸ்வால்டு, கத்பர்ட், பீட், வில்பிரிட், டன்ஸ்டன், எட்வர்டு, தாமஸ், ஹ்யூ என்பன அவற்றிற்கு வாய்த்த பெயர்களுட் சில.

இப்பெயர்களைக் கூர்ந்து நோக்குங்கள். ரோமாபுரியின் வேதசாட்சிகள் இவர்களில் இல்லை. ஸ்பெயின் தேசத்து ஞானிகளும் இல்லை. எல்லோரும் பிரிட்டிஷ் மண்ணில் நடமாடியவர்கள். முதல் ஐவரோ, யார்க்ஷயரை உள்ளடக்கியிருந்த பழைய நார்தம்பிரியா ராஜ்யத்தோடு பிரிக்க முடியாதவர்கள். 'அந்நிய மதத்தார்' என்று இருநூறு வருஷம் தூற்றப்பட்டவர்கள், தங்கள் பிள்ளைகள் படுத்துறங்கும் வீடுகளுக்கு அந்த மண்ணின் ஆதி மாந்தர் பெயரையே இட்டிருக்கிறார்கள். "நாங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர், இந்த வீடு எங்கள் பாட்டன் வீடு" என்று வாதாடாமலே நிலைநாட்டி விட்டதாக நமக்குத் தோன்றுகிறது.

மொழிபெயர்த்த மன்னன்

ஆஸ்வால்டு இளமையில் நாடிழந்து, ஐரிஷ் மொழி பேசும் மக்களிடையே வளர்ந்த அரசிளங்குமரன். ராஜ்யத்தை மீட்டதும், தான் அடைக்கலம் புகுந்திருந்த பக்கத்து ஐயோனா மடத்துக்கு ஆள் அனுப்பி, தன் ஜனங்களுக்குப் போதிக்க ஒருவர் வேண்டும் என்று கேட்டான். முதலில் வந்தவர் கடின சித்தர். சில நாளிலேயே திரும்பிப் போய், "அந்த ஜனங்கள் முரடர்கள், அவர்களுக்குப் போதிக்க இயலாது" என்ற கருத்தில் சபையில் முறையிட்டார். அங்கே அமர்ந்திருந்த எய்டன் என்பவர், குழந்தைக்கு முதலில் பால் கொடுக்க வேண்டுமே தவிர, கடினமான ஆகாரத்தைத் திணிக்கலாமா என்று மெல்ல வினவினார். சபையோர் அனைவரும் திரும்பி அவரைப் பார்த்தனர். போக வேண்டியவர் அவரே என்று தீர்மானமாயிற்று. உபாத்தியாயராக இருப்பவர் எவரும் இந்த வரலாற்றைச் சுவரில் எழுதி வைத்துக் கொள்ளலாம்.

635-இல் எய்டன் வந்து, லிண்டிஸ்பார்ன் என்னும் தீவில் மடம் அமைத்தார். அவருக்கு அந்நாட்டு மொழி சரளமாக வரவில்லை. அவர் போதிக்க, அரசனே பக்கத்தில் நின்று தன் பிரதானிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவானாம். சிங்காசனத்தில் இருப்பவன் துபாஷி வேலை பார்த்த அதிசயத்தை வேறெங்கே காண்போம்? எய்டன் தம்மிடம் பன்னிரண்டு ஆங்கிலச் சிறுவர்களைச் சேர்த்துக் கல்வி பயிற்றினார். அவர்களில் ஈட்டா என்பவன் பிற்காலத்தில் மேற்றிராணியார் ஆனான்.

எய்டன் எங்கும் கால்நடையாகவே செல்வார். பின்னாளில் ஆஸ்வின் என்ற சிற்றரசன் அவருக்கு உயர்ந்த குதிரை ஒன்றைப் பரிசளித்தான். வழியில் பிச்சை கேட்ட ஏழைக்கு, சேணத்தோடு அதைத் தானம் செய்துவிட்டார். அரசன் கோபித்தான். குதிரைக்குப் பிறந்த குட்டி தெய்வத்துக்குப் பிறந்த பிள்ளையைவிட உமக்குப் பெரிதா என்று எய்டன் கேட்டதும், அரசன் வாளைக் கழற்றி வைத்துவிட்டு அவர் காலில் விழுந்தான். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் வழி வந்த நமக்கு, இந்தக் குதிரைக் கதை அந்நியமாகத் தோன்றுமா?

ஆஸ்வால்டு 642-இல் போர்க்களத்தில் மாண்டான். எய்டன் 651-இல் காலமானார்.

இடையனும் ஏட்டாளரும்

எய்டன் இறந்த இரவில், மலைச்சாரலில் ஆடு காத்துக்கொண்டிருந்த வாலிபன் ஒருவன் வானில் ஒளி கண்டானாம். அவனே கத்பர்ட். மடத்தில் சேர்ந்து, மலைக் கிராமங்களில் நடந்து போதித்து, பிறகு பார்ன் தீவில் தனித்துத் தவம் இருந்தார். கடற் பறவைகளிடம் அவர் காட்டிய பரிவு பிரசித்தமானது. அத்தீவில் கூடு கட்டும் ஒருவகை வாத்துக்கு ஜனங்கள் இன்றும் அவர் பெயரைச் செல்லமாகச் சுருக்கி வழங்குகின்றனர். லிண்டிஸ்பார்னில் அவர் தலைவராக இருந்த காலத்தில், புதிய ஒழுங்குகளை எதிர்த்துத் துறவிகள் கடுஞ்சொல் பேசுவதுண்டு. வாக்குவாதம் முற்றினால் அவர் முகம் மாறாமல் எழுந்து போய்விடுவார். மறுநாள் எதுவும் நடவாதது போல வந்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார். 687-இல் அவர் மறைந்தார். டேனியர் படையெடுப்புக்கு அஞ்சிய துறவிகள் 875-இல் அவர் உடலைச் சுமந்துகொண்டு தீவை விட்டுக் கிளம்பினர். அலைந்து திரிந்த அந்தப் பேழை 995-இல் டர்ஹாமில் நிலைபெற்றது. ஆஸ்வால்டு அரசனின் தலையும் அதே பேழையில் வைக்கப்பட்டிருந்தது. பேழையில் இருந்த சின்னஞ்சிறு சுவிசேஷ நூல் ஒன்றைப் பிரிட்டிஷ் நூல்நிலையம் 2012-இல் 90 லட்சம் பவுனுக்கு வாங்கிற்று.

பீட் ஏழு வயதில் மடத்தில் விடப்பட்ட பிள்ளை. ஒரு சமயம் கொள்ளைநோய் வந்து ஜாரோ மடத்தில் பாடத் தெரிந்தவர் எல்லோரும் மாண்டு, மடாதிபதியும் ஒரு சிறுவனும் மட்டுமே மிஞ்சினர். அவ்விருவரும் அழுதுகொண்டே ஆராதனைப் பாட்டுக்களை முறை தவறாமல் பாடி வந்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. அச்சிறுவன் பீடே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 731-இல் அவர் எழுதி முடித்த சமய சரித்திரம் இல்லாவிட்டால், மேலே நாம் சொன்ன குதிரையும் மொழிபெயர்ப்பும் காற்றோடு போயிருக்கும். கிறிஸ்து பிறந்த வருஷத்திலிருந்து காலத்தைக் கணக்கிடும் முறையைப் பரவச் செய்ததும் அந்நூலே. 735-இல் மரணப் படுக்கையில் கிடந்தபடியே, யோவான் சுவிசேஷத்தைத் தம் ஜனங்களின் மொழியில் பெயர்த்துச் சொல்ல, ஒரு பையன் எழுதிவந்தான். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது என்று பையன் சொல்ல, அதையும் சொல்லி முடித்த பிறகே அவர் கண் மூடினார். மூச்சுள்ள வரையில் பாடம் சொன்ன ஆசிரியர்!

எதிரிகள் அடுத்தடுத்த வீட்டில்

வில்பிரிட் என்பவர் லிண்டிஸ்பார்னிலேயே படித்தவர். பின்பு ரோமாபுரி சென்று திரும்பியவர். ஈஸ்டர் பண்டிகையை எந்நாளில் கொண்டாடுவது என்பது பற்றி ஐரிஷ் வழக்கத்தாருக்கும் ரோமாபுரி வழக்கத்தாருக்கும் பெரும் பிணக்கு இருந்தது. 664-இல் விட்பி நகரில், ஹில்டா என்னும் புகழ் வாய்ந்த மடத் தலைவியின் ஆசிரமத்தில், அரசன் முன்னிலையில் வாதம் நடந்தது. ரோமாபுரிக்காக வாதாடி வென்றவர் வில்பிரிட். எய்டன் வழிவந்த மேற்றிராணியாரான கோல்மன் மனம் நொந்து லிண்டிஸ்பார்னை விட்டே போய்விட்டார்.

ஆம்பிள்போர்த்திலோ எய்டனுக்கும் ஒரு வீடு. வில்பிரிட்டுக்கும் ஒரு வீடு. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் பந்தாடி, ஒரே கோயிலில் மண்டியிட்டனர். சரித்திரத்தில் எதிரெதிராக நின்ற இருவரையும் ஒரே மனதோடு கொண்டாட முடியும் என்ற பாடத்தை, எந்தப் புத்தகம் இவ்வளவு சுலபமாகக் கற்பிக்கும்? கட்சி வேறானால் வாசற்படி மிதிக்கலாகாது என்று எண்ணும் நாம் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

மற்றவர்களைச் சுருங்கச் சொல்வோம். டன்ஸ்டன் கான்டர்பரியின் அதிமேற்றிராணியார். உலோக வேலையில் கை தேர்ந்தவர். எட்வர்டு, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைக் கட்டிய அரசர். கிழவர் பக்லி காத்த சுடரின் மூலஸ்தானம் அதுவே. தாமஸ் பெக்கெட், 1170-இல் தம் ஆலயத்துக்குள்ளேயே அரசனின் வீரர்களால் வெட்டுண்டவர். லிங்கன் நகரத்து ஹ்யூ, கலகக் கும்பலுக்கு எதிரே நின்று யூதர்களைக் காத்தவர். பயமின்றி அரசனுக்கு எதிர்மொழி கூறியவர் இந்த வரிசையில் ஒருவர் இருவர் அல்லர்.

இந்த இல்லங்களில் ஒன்றான பீட் இல்லத்துக்குத் தலைவராக இருந்து, பையன்களின் காய்ச்சலையும் கண்ணீரையும் கவனித்துவந்த பாசில் ஹ்யூம் என்னும் துறவி, 1963-இல் ஆம்பிள்போர்த் மடாதிபதியாகி, 1976-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அதிமேற்றிராணியார் ஆனார். பின்பு கர்தினால் பட்டமும் பெற்றார். 1999-இல் அவர் இறந்தபோது, மத பேதமின்றி அந்நாடு துக்கித்தது.

நிழலும் உண்டு

இவ்வளவும் சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்தினால், நாம் பாதி உண்மையே சொன்னவர்கள் ஆவோம். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கென்று அமைக்கப்பட்ட சுயேச்சை விசாரணைக் குழுவொன்று 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. ஆம்பிள்போர்த்திலும், மற்றொரு பெனடிக்டைன் பாடசாலையாகிய டவுன்ஸைடிலும், பல பத்தாண்டுகளாகக் குழந்தைகள் சிலருடைய கொடிய இச்சைக்கு இரையானதையும், தலைமையில் இருந்தவர்கள் பிள்ளைகளின் பாதுகாப்பைவிட ஸ்தாபனத்தின் நற்பெயரையே பெரிதாக எண்ணியதையும் அது எடுத்துரைத்தது.

படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. தகப்பன் ஸ்தானத்தில் ஒருவரை வைத்து, கதவைச் சாத்திவிட்டால் வீடு ஆகிவிடாது. வீட்டுக்குக் கூரை வேண்டும், ஜன்னலும் வேண்டும். வாசலில் எழுதிய புண்ணிய நாமம் உள்ளே இருக்கும் குழந்தையைத் தானாகக் காப்பாற்றாது. காப்பாற்ற வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும் பெரியவர்கள்தாம். எய்டனின் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் எளியவனைக் கைவிட்டால், அந்தப் பெயரே முன்வந்து அவர்கள்மீது குற்றம் சாட்டும். பெரிய பெயரை வைத்துக் கொள்வதில் உள்ள ஆபத்தும் அதுவே, பயனும் அதுவே.

நம் வேப்பமரத்தடிக்கு

ஹவுஸ் முறை நம் தேசத்துக்கும் வந்துவிட்டது. கத்தோலிக்கப் பாடசாலைகளில் மட்டுமன்றி, எல்லாப் பாடசாலைகளிலும் பரவியிருக்கிறது. அந்நியர் கொண்டுவந்தது என்பதற்காகவே அதை ஒதுக்க வேண்டும் என்று நாம் சொல்லோம். ஆனால் நாம் அதன் சட்டையை மாத்திரம் வாங்கிக் கொண்டு உயிரை விட்டுவிட்டோம். நமக்குப் பெயர்களில் பஞ்சமா? சேவியர் 1542-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் தமிழைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு சிறுவர்களைக் கூட்டிப் பாடம் சொன்னவர். அருளானந்தர் என்று தமிழ்ப் பெயர் பூண்ட ஜான் டி பிரிட்டோ 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்தவர். இவர்கள் பெயரைத் தாங்கிய பாடசாலைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ! வள்ளுவர், பாரதியார், காந்தியடிகள் பெயரைச் சூடிய ஹவுஸ்களும் ஏராளம். பெயர் இருக்கிறது, அதன் கதையைச் சொல்லும் வாய்தான் இல்லை.

விளையாட்டு விழா முடிந்த மறு வாரம் முதல், நம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். ஒவ்வொரு ஹவுஸிலிருந்தும் ஒரு பிள்ளை எழுந்து, தன் ஹவுஸின் பெயருக்கு உடையவரைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பிறந்த தேதியும் பட்டங்களும் வேண்டாம். அவர் செய்த ஒரு காரியம் போதும்.

பச்சைச் சட்டைக்காரன் முதல் வாரமே எழுந்தான். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வந்தானாம். சொல்லிக்கொண்டே போனவன், நடுவில் நின்று நம்மைப் பார்த்துக் கேட்டான்:

"ஸார், இவர் கூட ஒரு தடவை தோற்றுப் போயிருக்கிறாரே! அப்புறம் அழவே இல்லையாமே, ஸார்?"

நாம் பதில் சொல்லவில்லை. பாடம் முடிந்ததற்கு அடையாளமாக மணி அடித்தது.